சூப்பர்சார்ஜர் காருக்கு எந்த கேம் போடலாம்? அவசரம்

நோவா72:
வணக்கம். டிராக் ரேஸ் (கால் மைல் நேர்கோட்டுப் பந்தயம்) ஓட்டுகிற கார், எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுகிற சூப்பர்சார்ஜர் போட்டாயிற்று, ஆனால் அது தள்ளும் அழுத்தம், அதாவது பூஸ்ட், ஆறு பவுண்டுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. வால்வைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டை மாற்றலாம் என்றால் கடைக்காரர் இன்னும் பெரியதாகப் போடச் சொல்கிறார். மாலைக்குள் ஆர்டர் சொல்ல வேண்டும். எந்த கேம்?

ஸ்பேனர்14:
எந்த எஞ்சின்? சூப்பர்சார்ஜர் ரூட்ஸ் வகையா, சென்ட்ரிஃபியூகல் வகையா? பெட்ரோலா, மெத்தனாலா? கம்ப்ரஷன் என்ன, கியர்பாக்ஸ் என்ன? "உடம்பு சரியில்லை, மாத்திரை சொல்லுங்கள்" என்றால் எந்த டாக்டர் சொல்வார்?

பெல்ட்மணி:
கேம் எல்லாம் இல்லை, பெல்ட் வழுக்குகிறது. என் நண்பனுக்கும் இதேதான், டென்ஷனர் மாற்றியதும் சரியாகிவிட்டது.

நோவா72:
செவர்லே 350 எஞ்சின், 6-71 ரூட்ஸ் சூப்பர்சார்ஜர், அதன் மேலே இரண்டு கார்புரேட்டர். 8.5 கம்ப்ரஷன், ரேஸ் பெட்ரோல், பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். டிராக் கார் என்றதும் புரியும் என்று நினைத்தேன். கயூகா பந்தயத் தடத்தில் கால் மைலை 11.4 வினாடியில் ஓடியது.

பழைய கை:
இங்கே வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்படித்தான். மணி, 6-71க்குப் போடுவது பல் வைத்த பெல்ட் ஐயா, அது உங்கள் நண்பரின் பெல்ட் மாதிரி வழுக்காது. பல் தாவினால் பக்கத்துத் தெருவுக்கே கேட்கும். தம்பி, இப்போது உள்ளே கிடக்கிற கேம் என்ன என்று சொல்லாமல் புதுக் கேம் கேட்டால் எப்படி? கேமோடு வந்த அளவு கார்டைப் பார்த்து எழுதும்.

பெல்ட்மணி:
நான் உதவி செய்யத்தான் வந்தேன். தெரியாதவன் எழுதக்கூடாது என்று முதலிலேயே போர்டு வையுங்கள்.

நோவா72:
கார்டில் 244/252, லிஃப்ட் 0.540, கீழே 108 என்று இருக்கிறது. சூப்பர்சார்ஜர் போடுவதற்கு முன் ஓடிய அதே கேம்தான். அப்புறம் இன்னொன்று, ஐடிலில் பின்னால் நின்றால் பெட்ரோல் வாடையில் கண் எரிகிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எக்ஸாஸ்ட் குழாயான ஹெடரில் பட் பட் என்று வெடிக்கிறது. இதற்கும் கேமுக்கும் சம்பந்தம் உண்டா?

ஸ்பேனர்14:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சம். சம்பந்தம் உண்டு, அதுதான் விஷயமே.

108 என்பது கேமில் வால்வைத் திறக்கிற மேடுகளான இன்டேக் லோபுக்கும் எக்ஸாஸ்ட் லோபுக்கும் நடுவில் உள்ள கோணம். அது குறையக் குறைய இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கிற நேரம், அதாவது ஓவர்லேப், கூடும். கணக்குப் போடுங்கள்: இன்டேக்கும் எக்ஸாஸ்டும் திறந்திருக்கிற டிகிரிகளான 244ஐயும் 252ஐயும் கூட்டி நாலால் வகுத்தால் 124, அதில் 108 போனால் 16, இரட்டித்தால் 32 டிகிரி ஓவர்லேப், அதுவும் 0.050 அங்குல லிஃப்டில் அளந்த கணக்கில். சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினில் ஹெடரின் உறிஞ்சல் புதுக் காற்றை இழுத்து வர அது உதவும். உங்களுக்கோ காற்றை மேலிருந்து தள்ளுகிறார்கள். இரண்டு கதவும் திறந்திருந்தால் நேராகப் பின்வாசல் வழியே போய்விடும். கார்ப் மேலே இருப்பதால் போவது வெறும் காற்று இல்லை, பெட்ரோல் கலந்த காற்று. கண் எரிவதும் ஹெடரில் வெடிப்பதும் அதனால்தான்.

236/248, 114 என்ற அளவில் பாருங்கள். அதே கணக்குக்கு 14 டிகிரிதான் வருகிறது. எக்ஸாஸ்டுக்கு 12 டிகிரி கூடுதல் ஏனென்றால் வெளியேற்ற வேண்டிய புகை அதிகம்.

குவார்ட்டர்மைல்:
114, 114 என்று மந்திரம் மாதிரி ஓதாதீர்கள். நான் 110 வைத்து இரண்டு சீசன் ஓட்டினேன். கொஞ்சம் ஓவர்லேப் இருந்தால் சேம்பரில் தங்கிய புகையைத் துடைத்துவிடும், எக்ஸாஸ்ட் வால்வும் குளிரும். தெருவில் ஓட்டாத காருக்கு ஐடில் எதற்கு? பூஸ்ட்தான் வேண்டுமென்றால் மேல் புல்லியில் இரண்டு பல் குறையுங்கள், வேலை முடிந்தது.

பழைய கை:
பல் குறைத்தால் சூப்பர்சார்ஜர் ரோட்டர் இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் சூடாகும், பாதி மறுபடியும் ஹெடர் வழியாகவே போகும். ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைக்கிற கதை. பூஸ்ட் கேஜ் குதிரை சக்தி மீட்டரும் இல்லை. ஆனால் 112 வரை இறங்கலாம், அதை மறுக்கவில்லை.

தமிழ்ப்பொறி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கேம் ஷாஃப்டுக்கு நெம்புருள் தண்டு என்ற அருமையான சொல் இருக்கிறது. ஒருவர்கூடப் பயன்படுத்தவில்லையே?

குவார்ட்டர்மைல்:
கடையில் போய் நெம்புருள் தண்டு கேட்டால் கடப்பாரையை எடுத்துக் கொடுப்பான்.

தமிழ்ப்பொறி:
பேருந்து என்று சொன்னபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். புழங்கினால் வந்துவிடும்.

பெல்ட்மணி:
நெம்புருள் நன்றாகத்தானே இருக்கிறது? அந்த முட்டை வடிவ லோப் வால்வை நெம்பித்தான் திறக்கிறது. சரி, 6-71ஐத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

தமிழ்ப்பொறி:
எண்ணுக்குமா மொழிபெயர்ப்பு? எண்ணை எண்ணாகவே சொல்லலாம். ஆனால் அது எதைக் குறிக்கிறது?

ஸ்பேனர்14:
ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். ஜிஎம்மின் பழைய டூ ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினுக்குக் காற்று ஊதிய பெட்டி அது. லாரியிலும் பஸ்ஸிலும் இருந்ததைக் கழற்றி ரேஸ் காரில் மாட்டினார்கள், பெயரும் கூடவே வந்துவிட்டது. இப்போது கேமுக்குத் திரும்புவோமா?

நோவா, வால்வ் ஸ்பிரிங்கை மறக்காதீர்கள். உங்கள் இன்டேக் வால்வ் 2.02 என்றால் பரப்பு ஏறக்குறைய 3.2 சதுர அங்குலம். பத்து பவுண்டு பூஸ்ட் வந்தால் வால்வின் முதுகில் 32 பவுண்டு அழுத்தம். மூடியிருக்க வேண்டிய வால்வை அது திறக்கப் பார்க்கும், ஸ்பிரிங் வால்வை மூடிப் பிடிக்கிற சீட் பிரஷரில் அந்த அளவு போனதாக வைத்துக்கொள்ளுங்கள். கேம் மட்டும் மாற்றிப் பழைய ஸ்பிரிங்கையே விட்டால் மேல் ஆர்பிஎம்மில் வால்வ் துள்ளும்.

பழைய கை:
போட்டதும் கோணம் அளக்கிற டிகிரி வீல் வைத்துப் பார்க்கவும். கார்டில் அச்சடித்ததை அப்படியே நம்பி மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி இன்டேக்கில் 0.080, எக்ஸாஸ்டில் 0.100 அங்குலமாவது இருக்க வேண்டும். பிஸ்டன் மேல் களிமண் ஒட்டி எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றி, வெட்டி அளந்தால் போதும்.

ஸ்பேனர்14:
லோப் மேல் உட்கார்கிற லிஃப்டர் ரோலரா, ஃப்ளாட்டா? ஃப்ளாட் என்றால் ஸ்டார்ட் பண்ணியதும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடமாவது ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் புது லோப் அன்றைக்கே தேய்ந்துவிடும். அதற்கென்று துத்தநாகம் சேர்த்த ஆயில் கிடைக்கும். ஆர்டர் போட்டுவிட்டீர்களா?

குவார்ட்டர்மைல்:
ஆளையே காணோம். 110ஐ வாங்கியிருப்பார் பாருங்கள்.

நோவா72:
மன்னிக்கவும், மூன்று வாரம் இந்தப் பக்கம் வர முடியவில்லை. 114 கிடைக்க நாளாகும் என்றார்கள், 236/246, 112 போட்டேன். புல்லி அதேதான். பூஸ்ட் ஒன்பது, கண் எரிச்சல் இல்லை, நேற்று 10.9. எல்லோருக்கும் நன்றி.

பழைய கை:
நல்லது. ஸ்பிரிங் மாற்றினீரா?

ஸ்பேனர்14:
நோவா, ஸ்பிரிங்?