ஐஸ்விண்ட் டேல்: ஆறு பேர் இருந்தும் எலும்புக்கூடுகளிடம் நிற்க முடியல. யாரை மாத்தலாம்?

கோத்தகிரி_மூவர்

வணக்கம். ஐஸ்விண்ட் டேல் என்ஹான்ஸ்டு எடிஷன்னு ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம், கோர் ரூல்ஸ்ங்கிற கடின அளவில் ஆடுறோம். அரவேணு, கட்டபெட்டு, கோத்தகிரின்னு மூணு ஊர் ஆட்கள். சனிக்கிழமை ஒரே வீட்டில் கூடி, ஒரே வைஃபையில் மூணு லேப்டாப். ஆளுக்கு ரெண்டு கேரக்டர்.

இப்போ இருக்கிற பார்ட்டி, அதாவது எங்க குழு (முதல்ல இனம், அப்புறம் கிளாஸ், அதாவது தொழில்):

ஹியூமன் பாலடின் (புனித வீரர், இருகை வாள்)
ஹாஃப்-எல்ஃப் ரேஞ்சர் (காட்டு வீரர், ரெண்டு கையிலும் நீள வாள்)
எல்ஃப் ஃபைட்டர்/மேஜ்/தீஃப் (போர்வீரர், மந்திரவாதி, திருடர் மூணும் ஒரே ஆள்; நீள வாள், வில்)
ஹாஃப்-எல்ஃப் பார்ட் (பாடகர்)
எல்ஃப் மேஜ்
ஹியூமன் மேஜ்

ஈஸ்ட்ஹேவனில் தொடங்கி குல்தஹார் வரைக்கும் பிரச்சினையே இல்லை. ரெண்டு மேஜும் ஸ்லீப் (எதிரியைத் தூங்க வைக்கிற ஸ்பெல், அதாவது மந்திரம்) போடுவாங்க, மத்தவங்க போய் வெட்டுவாங்க, முடிஞ்சது. வேல் ஆஃப் ஷேடோஸ் வந்ததும் எல்லாம் நின்னுபோச்சு. கல்லறைக்குள்ள எலும்புக்கூடு கும்பலா வந்தா ரேஞ்சர் முதல்ல விழுறார், அப்புறம் பாலடின், பின்னால இருக்கிறவங்களுக்கு ஓட நேரம் இல்லை. பாலடின் 9,000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) தொட்டு லெவல் 4.

கேள்வி மூணு. முதல்ல இருந்து தொடங்கணுமா? தொடங்க வேண்டாம்னா யாரை எடுக்கிறது? கட்டபெட்டு நண்பர் அந்த எல்ஃப் ஃபைட்டர்/மேஜ்/தீஃபை விடவே மாட்டேங்கிறார், அவரை மட்டும் தொடாம சொல்லுங்க. கடைசியா, ஆறு பேரை மூணு பேருக்கு எப்படிப் பிரிக்கிறது?

குன்னூர்_பழைய_ரயில்

முதல்ல இருந்து தொடங்க வேண்டாம் தம்பி. ஒரே ஒரு ஆளை மாத்தினா போதும். ஆனா எதனால விழுறீங்கன்னு தெரிஞ்சுட்டு மாத்துங்க. இல்லைன்னா டிராகன்ஸ் ஐங்கிற அடுத்த இடம் போனதும் இதே கேள்வியோட திரும்பி வருவீங்க.

உங்க பார்ட்டியில கிளாஸ் நிறைய இருக்கு, வேலைதான் பிரிஞ்சு இல்லை. ஆறு பேர்ல நாலு பேர் அர்கேன் ஸ்பெல் (மந்திரவாதி வகை மந்திரம்) ஆட்கள். அந்த நாலு பேரும் ஆரம்பத்துல நம்புறது ஸ்லீப். செத்தும் நடமாடுற எதிரி யாருக்கும் ஸ்லீப் ஏறாது. சார்ம், பயமுறுத்துற ஸ்பெல் எதுவும் ஏறாது. வேல் முழுக்க எலும்புக்கூடு, ஸோம்பி, நிழல். அப்போ உங்க பலத்துல பாதி வாசல்லயே கழண்டுபோகுது.

அடுத்தது ஆயுதம். இருகை வாள், நீள வாள், வில். எல்லாமே வெட்டுறது இல்லைன்னா குத்துறது. எலும்புக்கூட்டுல வெட்டும் குத்தும் சரியா இறங்காது. நசுக்குற ஆயுதம் வேணும்: மேஸ், ஃபிளெய்ல், சுத்தியல், தடி. புது ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. ரேஞ்சருக்கு இன்னைக்கே ஒரு மேஸும் கேடயமும் வாங்கிக் கொடுங்க. அந்த ஆயுதத்துல பயிற்சி ஸ்டார் இல்லாம பிடிச்சாலும் போர்வீரர் வகை கிளாஸ்களுக்குத் தாக்குதல்ல 2தான் குறையும். அது நீள வாள் வீணாகிறதைவிட ரொம்பச் சின்ன நஷ்டம். மேஜுக்கு அதே இடத்துல 5 குறையும், அதனால அவங்க கையில அவங்க பழகின தடியே இருக்கட்டும்.

மூணாவது, குணமாக்க ஆளே இல்லை. பாலடின் இருக்கிறார்னு நினைச்சிருப்பீங்க. அவர் கை வைச்சுக் குணமாக்குறது லெவலுக்கு 2 பாயிண்ட், நாளுக்கு ஒரு தடவை. லெவல் 4ல மொத்தமே 8. விஸ்டம் 18 உள்ள லெவல் 4 கிளெரிக்குக்கு (குணமாக்குற பூசாரி) முதல் நிலை ஸ்பெல் 5 கிடைக்கும். க்யூர் லைட் வூண்ட்ஸ் ஒண்ணு 8 பாயிண்ட், அஞ்சையும் அதுக்கே வச்சா 40. இரண்டாம் நிலை ஸ்பெல் 4 தனி. பாலடினுக்குச் சொந்தமா கிளெரிக் ஸ்பெல் வர்றது லெவல் 9ல.

அதனால ஒரு மேஜை எடுத்துட்டு ட்வார்ஃப் கிளெரிக் ஒருத்தரை உள்ள விடுங்க. ஸ்ட்ரெங்த் 16க்குக் குறையாம (தட்டுக்கவசம், கேடயம், மேஸ் மூணும் கனம்), டெக்ஸ்டெரிட்டி 17, கான்ஸ்டிட்யூஷன் 18, விஸ்டம் 18. மீதி ரெண்டும் எவ்வளவு குறைஞ்சாலும் பரவாயில்லை. டெக்ஸ்டெரிட்டி 17 ஏசியை (தற்காப்பு எண், குறையக் குறைய நல்லது) 3 இறக்கும். கான்ஸ்டிட்யூஷன் 16க்கு மேல போனா கிளெரிக்குக்கு ஹிட் பாயிண்ட் (உயிர் அளவு) ஏறாது, ஆனா ட்வார்ஃபுக்கு மந்திரத்துக்கு எதிரான சேவிங் த்ரோ (அதைத் தாங்குற வாய்ப்பு) 18ல 5 கூடும். அதுக்காகத்தான் 18.

புது ஆள் 0 எக்ஸ்பியில வருவாரேன்னு யோசிக்காதீங்க. லெவல் ஏற ஏறத் தேவை இரட்டிக்குது. உங்க பாலடின் லெவல் 5 தொட 18,000 வேணும், அதாவது இன்னும் 9,000. அதே 9,000 புது கிளெரிக்குக்கு 0லிருந்து லெவல் 4 (அவருக்கு 6,000 போதும்). பாலடின் ஒரு படி ஏறுறதுக்குள்ள இவர் பக்கத்துல வந்துடுவார். ஒண்ணு மட்டும் மறக்க வேண்டாம்: மேஜை நீக்குறதுக்கு முன்னாடி அவர்கிட்ட இருக்கிற ஸ்க்ரோல், மருந்து, மோதிரம் எல்லாத்தையும் மத்தவங்களுக்கு மாத்திடுங்க. ஆளோட அவர் பையும் போயிடும்.

கூடலூர்_சாரல்

மேலே சொன்னவரின் கணக்கு சரி. எந்த மேஜை எடுப்பது, எல்ஃபை எந்த வேலைக்கு வைப்பது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலரும் சறுக்குவது அங்கேதான்.

ஃபைட்டர்/மேஜ்/தீஃப் வாங்கும் எக்ஸ்பி மூன்றாகப் பிரியும். ஒவ்வொருவருக்கும் 60,000 வந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்ஃபின் ஒவ்வொரு கிளாஸுக்கும் 20,000: ஃபைட்டர் 5, மேஜ் 5, தீஃப் 6. அதே 60,000க்குத் தனி மேஜ் லெவல் 7, தனி ஃபைட்டர் லெவல் 6, தனி தீஃப் லெவல் 7. தீஃபாக அவர் ஒரு லெவல்தான் பின்னால். மேஜாக இரண்டு லெவல் பின்னால். அந்த இரண்டு லெவலில்தான் நான்காம் நிலை ஸ்பெல் இருக்கிறது. ஃபயர்பால் வேறு அவருக்கு 60,000ல்தான் வரும். தனி மேஜுக்கு 20,000லேயே வந்துவிட்டிருக்கும்.

ஆகவே நண்பரின் எல்ஃப் உங்கள் தீஃப். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், நல்ல தீஃப். லெவல் ஏறும்போது கிடைக்கும் பாயிண்டுகளை முதலில் பொறி கண்டுபிடிப்பதில் போடுங்கள், பிறகு பூட்டு. பிக்பாக்கெட்டில் ஒன்றுகூட வேண்டாம். முன்வரிசைக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அவருடைய ஹிட் பாயிண்ட் ஃபைட்டரின் 10, தீஃபின் 6, மேஜின் 4 இவற்றின் சராசரியாகத்தான் ஏறும். கவசம் போட்டால் ஸ்பெல் போட முடியாது, ஸ்டட்டட் லெதருக்கு மேல் போனால் தீஃப் வேலையும் நின்றுவிடும். வில்லோடு இரண்டாம் வரிசையில் நிற்பதே அவர் இடம்.

மேஜ் ஒருவர் கட்டாயம் வேண்டும். எல்ஃப் மேஜுக்கும் ஹியூமன் மேஜுக்கும் இடையே இன்டெலிஜென்ஸ் 18 யாருக்கு இருக்கிறதோ அவரை வையுங்கள். கோர் ரூல்ஸில் ஸ்க்ரோலில் உள்ள ஸ்பெல்லை மந்திரப் புத்தகத்தில் எழுதும்போது தவறலாம். 18க்கு 85 சதவீதம் ஏறும். தவறினால் ஸ்க்ரோலும் போய்விடும். குல்தஹாரில் ஓரிக்கின் கோபுரத்தில் ஸ்க்ரோல்கள் மலிவு இல்லை. எழுதுவதற்கு முன் சேவ் செய்யுங்கள்.

பார்டை எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்க வேண்டாம். பொருளைக் கண்டறிய கடையில் ஒவ்வொன்றுக்கும் 100 பொன் கேட்பார்கள். பார்டின் லோர் (பொருள் அறிவு) அதில் பெரும்பகுதியை இலவசமாக முடித்துவிடும். லெவல் 11ல் வரும் பாட்டு, அவர் பாடிக்கொண்டிருக்கும் வரை எல்லோருடைய காயத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றும். பிற்பாதியில் அது இரண்டாவது கிளெரிக் மாதிரி. பாடும்போது அவர் தாக்க முடியாது, ஸ்பெல்லும் போட முடியாது. அதை மட்டும் அவரை ஆடுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

டிராகன்ஸ் ஐ போனதும் ட்ரோல் வரும். கீழே விழுந்த ட்ரோல் நெருப்போ அமிலமோ படாவிட்டால் திரும்ப எழுந்துவிடும். மெல்ஃப்ஸ் ஆசிட் ஆரோவை மேஜ் இப்போதே எழுதி வைக்கட்டும். நெருப்பு அம்புகள் கிடைத்தால் வேலில் வீணாக்காமல் எல்ஃபின் பையில் சேருங்கள்.

கோத்தகிரி_மூவர்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. ஹியூமன் மேஜுக்கு இன்டெலிஜென்ஸ் 16தான், அவரையே எடுத்துடுறோம். தனி கிளெரிக்குக்குப் பதிலா ஃபைட்டர்/கிளெரிக் போட்டா முன்னாடியும் நிப்பார், குணமும் பண்ணுவார்னு அரவேணு நண்பர் கேட்கிறார். அது சரிவருமா?

குன்னூர்_பழைய_ரயில்

முதல் நாளே போட்டிருந்தா அதுதான் நல்லது. இப்போ வேண்டாம். கிளெரிக்குக்கு லெவல் 5ல மூணாம் நிலை ஸ்பெல் வருது, அதுல அனிமேட் டெட் இருக்கு. நீங்களே எலும்புக்கூட்டை எழுப்பி முன்னாடி அனுப்பலாம். அடி அது வாங்கும். தனி கிளெரிக் 13,000ல அங்க போயிடுவார். ஃபைட்டர்/கிளெரிக்குக்கு 26,000 வேணும். 0லிருந்து வர்ற ஆளுக்கு அது நீண்ட வழி, அதுவரைக்கும் வேலுக்குள்ள யார் குணமாக்குறது? தனி கிளெரிக்கும் மேஸ், கேடயம், தட்டுக்கவசத்தோட நல்லாவே நிப்பார். லெவல் 2, 3 வர்ற வரைக்கும் மட்டும் பின்னால வைங்க.

டர்ன் அண்டெட் (எலும்புக்கூடு மாதிரி ஆட்களை விரட்டுற கிளெரிக் திறன்) பத்தி ஒரு வார்த்தை. அது பட்டனை அழுத்தினா ஓடிட்டே இருக்கும், ஆனா கிளெரிக் ஒரு அடி அடிச்சாலும், ஒரு ஸ்பெல் போட்டாலும் நின்னுடும். அதனால சண்டையில அவர் ஒரு வேலைதான் செய்யணும். பாலடினும் இப்போ டர்ன் பண்ணலாம், ஆனா தன் லெவலைவிட ரெண்டு குறைஞ்ச கிளெரிக் மாதிரி. லெவல் 4ல அதை நம்பாதீங்க, அவர் அடிக்கட்டும்.

கல்லறைக்குள்ள எப்படி நிக்கிறது: கதவைத் திறந்ததும் உள்ள ஓடாதீங்க. எல்ஃப் தலையை நீட்டிப் பார்த்துட்டுத் திரும்பி வரட்டும். பாலடினும் ரேஞ்சரும் கதவுக்கு இந்தப் பக்கம், நிலைக்கு ரெண்டு ஓரத்துலயும் சாய்வா நிக்கணும், நேரா நிக்கக் கூடாது. நேரா நின்னா உள்ளே இருக்கிற வில்லாளி எலும்புக்கூடுகளுக்கு நேர்கோடு கிடைக்கும். சாய்வா நின்னா நிலையைத் தாண்டி வெளிய கால் வைக்கிற ஒண்ணை ரெண்டு பேரும் சேர்ந்து அடிக்கலாம். கிளெரிக் அவங்களுக்கு ஒரு எட்டு பின்னால டர்ன் பண்ணிட்டு நிக்கட்டும். மேஜ் ஸ்லீப்பை அழிச்சுட்டு அந்த இடத்துல மேஜிக் மிசைல் மனப்பாடம் பண்ணட்டும், எலும்புக்கூட்டு மேல அது தப்பாம படும். முன்னாடி நிக்கிற ரெண்டு பேருக்கும் ஹெல்மெட் இருக்கான்னு பாருங்க. ஹெல்மெட் இல்லாத தலைக்கு கிரிட்டிக்கல் அடி முழுசா விழும், லெவல் 4 ஆளுக்கு அது ஒண்ணே போதும்.

கொடைக்கானல்_மேல்மலை

மூணாவது கேள்விக்கு யாரும் வரல, நான் சொல்றேன்.

ஒருத்தருக்கே முன்வரிசை ரெண்டு பேரைக் கொடுத்தா அவருக்குக் கிளிக் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கிறது மட்டும்தான் வேலை. ஒருத்தருக்கே மேஜும் கிளெரிக்கும் கொடுத்தா நிமிஷத்துக்கு நாலு தடவை ஆட்டத்தை நிறுத்தி வைப்பார், மத்த ரெண்டு பேரும் எரிச்சலாவாங்க. நிக்கிற ஆள் ஒண்ணு, ஸ்பெல் ஆள் ஒண்ணுன்னு பிரிங்க. பாலடினும் பார்டும் ஒருத்தர். ரேஞ்சரும் கிளெரிக்கும் ஒருத்தர். எல்ஃபும் மேஜும் கட்டபெட்டு நண்பர். எல்ஃபும் மேஜும் ஒரே கையில இருக்கணும்னு சொல்றதுக்குக் காரணம் ஃபயர்பால். அது நம்ம ஆளையும் சுடும். முன்னால வேவு பார்க்கப் போற ஆளும் பின்னால குண்டு போடுற ஆளும் ஒருத்தர் கையிலேயே இருந்தா தன் எல்ஃபைத் தானே எரிக்க மாட்டார். மத்த ரெண்டு பேருக்கும் வாயால சொல்லிட்டுத்தான் போடணும்.

ஊர்ல பேசுறது பாலடின் ஆளோட வேலை. பாலடினுக்கு கரிஸ்மா 17க்குக் கீழ இருக்கவே முடியாது. பேச்சு நடக்கும்போது எல்லோருக்கும் ஆட்டம் நின்னுடும், அதனால ஆளாளுக்குத் தனித்தனியா போய்ப் பேசாதீங்க.

கனெக்‌ஷன்: மூணு லேப்டாப்லயும் ஒரே பதிப்பு எண் இருக்கணும். மாட் (ஆட்டத்தை மாத்துற கூடுதல் ஃபைல்) போட்டிருந்தா மூணுலயும் அதே மாட். உங்களை மாதிரி ஒரே வீட்டுல ஆடினா மழையில பிராட்பேண்ட் போனாலும் கவலை இல்லை, ரௌட்டருக்குக் கரண்ட் இருந்தா போதும். ஹோஸ்டோட (ஆட்டத்தை நடத்துற லேப்டாப்) ஐபி முகவரியைப் போட்டு நேரா சேரலாம். ரௌட்டரை இன்வெர்ட்டர் லைன்ல மாத்துங்க. லேப்டாப்ல பேட்டரி இருக்கு, ரௌட்டர்லதான் இல்லை. இப்போ ஐப்பசி மழை, கரண்ட் எப்போ போகும்னு உங்களுக்கே தெரியும்.

சேவ் எல்லாம் ஹோஸ்ட் லேப்டாப்லதான் விழும், எம்பிசேவ்னு ஒரு ஃபோல்டர்ல. மத்த ரெண்டு பேர் கிட்ட ஒண்ணும் இருக்காது. ஹோஸ்ட் அடுத்த வாரம் வர முடியலைன்னா ஆட்டமே நின்னுடும், அதனால ஒவ்வொரு சனிக்கிழமையும் முடிச்சதும் அந்த ஃபோல்டரை பென்டிரைவ்ல எடுத்து இன்னொருத்தர்கிட்ட கொடுத்துடுங்க. ஆட்டத்துக்குள்ள ஒரு இடத்துல இருந்து அடுத்த இடம் போகும்போது தானா சேவ் ஆகும், ஆனா கல்லறைக்குள்ள ஒரே தளத்துல ரொம்ப நேரம் இருப்பீங்க. ஒவ்வொரு கதவுக்கும் முன்னாடி க்யூ (உடனே சேவ் ஆகிற கீ) அழுத்துங்க.

கோத்தகிரி_மூவர்

ரௌட்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாத்தியாச்சு. ட்வார்ஃபை இன்னைக்கே உருவாக்குறோம். மேஸ் குல்தஹார்ல கான்லன் கடையிலயே வாங்கிக்கலாமா?

குன்னூர்_பழைய_ரயில்

வாங்கலாம். கிளெரிக்குக்கு ஒண்ணு, ரேஞ்சருக்கு ஒண்ணு. பணம் மிஞ்சினா மேஜிக் ஆயுதம் பார்க்காதீங்க, கிளெரிக்குக்குத் தட்டுக்கவசம் முதல்ல.