அம்மம்மாவின் உருத்திராக்கமாலையை அணியும் முன்

கேள்வி (சுன்னாகம்): காலமான அம்மம்மாவின் உருத்திராக்கமாலை என்னிடம் வந்துள்ளது. அதை நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் அர்ச்சனைத் தட்டில் வைத்துப் பெற்ற பின்பே அணிய வேண்டுமா, வீட்டிலேயே அணியலாமா?

பதில் (கோண்டாவில்): 31ஆம் நாள் அந்தியேட்டி (இறந்தவருக்கான கிரியை) முடிந்து துடக்கு (தீட்டு) கழிந்திருந்தால், மாலையைப் பாலாலும் நீராலும் கழுவி, சுவாமி அறையில் விளக்கேற்றி, திருநீறிட்டு, ஐந்தெழுத்தை ஓதி அணிந்துகொள்வதே போதுமானது என்பது என் கருத்து, மனம் கேட்காவிட்டால், பூசையின்போது சுவாமியின் பாதத்தில் வைத்துத் தர முடியுமா என்று ஐயரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கேட்டவர்: மந்திரங்கள் எனக்குச் சரியாகத் தெரியாது.

பதில் (தொண்டைமானாறு): எங்கள் செல்வச் சந்நிதி முருகன் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசை செய்கிறார், ஆகவே, அதற்காக நீங்கள் தயங்க வேண்டியதில்லை. நூல் நைந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.