ஜெபத்தில் துதி: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

மார்த்தாண்டம் பக்கம்:

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கீர்த்தனை, பிறகு ஸ்தோத்திர ஜெபம், அப்புறம் விண்ணப்பங்கள், கடைசியில் கட்டஞ்சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும். ஸ்தோத்திர ஜெபம் பெரும்பாலும் நாலு வரியில் முடிந்துவிடும், "நன்றி ராஜா, ஸ்தோத்திரம் அப்பா" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் விசா, வீட்டுக்கடன், பிள்ளையின் மெடிக்கல் சீட் என்று பட்டியல் தொடங்கிவிடும்.

பக்கத்து வீட்டு மாமியின் கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். போன வருஷம் மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போனபோது மாமி வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து 103ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "நாம் இன்ன உருவென்று அவர் அறிவார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" என்ற இடம் வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. சுகம் கேட்டு ஒரு வார்த்தை வரவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்து பார்த்தேன், அந்தச் சங்கீதம் முழுக்க ஒரு விண்ணப்பம்கூட இல்லை. "மாமி, மாமாவுக்குச் சுகம் கேக்கலியா?" என்றேன். "காலத்தே கேட்டாச்சு மக்ளே. இப்போ ஆண்டவரு ஆருண்ணு நான் எனக்கே சொல்லிட்டிருக்கேன்" என்றார்.

மாமா பிழைத்தார். ஆனால் வலது கை சரியாகவில்லை, இனி பால்வெட்டுக் கத்தி பிடிக்க முடியாது. ஒரு கூட்டத்தில் மாமியைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். துதித்ததால்தான் உயிர் கிடைத்தது என்று சொல்ல வேண்டும் என்பது கூப்பிட்டவர்களின் எதிர்பார்ப்பு. மாமி எழுந்து, அன்று துதித்தேன், இன்றும் துதிக்கிறேன், மாமாவுக்கு நான்தான் சோறு ஊட்டுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் கொஞ்சம் சங்கடம்தான்.

கன்வென்ஷன்களில் அப்போஸ்தலர் 16ஐ வைத்து "துதித்தால் கதவு திறக்கும்" என்று பிரசங்கிக்கிறார்களே, அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் அடிவாங்கி, கால் தொழுமரத்தில் மாட்டியிருக்க நடுராத்திரியில் பாடுகிறார்கள். பூமி அதிர்ந்து கதவு திறக்கும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? கதவு திறந்த பிறகும் அவர்கள் ஓடவில்லை. வாளை உருவித் தன்னைத்தானே கொல்லப் போன சிறைச்சாலைக்காரனிடம் நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்கிறார்கள். விடுதலைக்காகப் பாடியவன் கதவு திறந்ததும் கிளம்பியிருப்பான் இல்லையா. துதியைக் கள்ளச்சாவி போலப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள், எந்தச் சபையாக இருந்தாலும் சரி.

தூத்தூர் பக்கம்:

நாங்கள் கத்தோலிக்கர், கடற்கரை ஊர். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது எங்கள் ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன ஆட்கள் பலர் திரும்பவில்லை. அடுத்து வந்த ஞாயிறு, டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகிற திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. அந்தக் காலத்து ஞாயிறுகளில் பூசையில் "உன்னதங்களிலே" என்ற துதிக் கீதம் கிடையாது, தவக்காலத்திலும் அப்படித்தான். தவக்காலத்தில் அல்லேலூயாகூட இல்லை. சின்ன வயதில் ஏன் இப்படி என்று யோசித்ததே இல்லை. அந்த ஞாயிறு அது பாடாமல் இருந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, பாடச் சொல்லியிருந்தால் எழுந்து வெளியே போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வாரம் வெளியூரிலிருந்து ஒரு ஜெபக்குழு வந்தது. நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள். மகன் எங்கே என்று தெரியாமல் கிடந்த ஒரு தாயைச் சுற்றி உட்கார்ந்து "அம்மா, துதியுங்கள், துதிக்கத் துதிக்க உங்கள் மகன் கரை சேருவான்" என்று கை தட்டினார்கள். அந்த அம்மா வாய் திறக்கவில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர்தான் போதும் என்று சொல்லி அனுப்பினார். மகன் வரவில்லை. தான் சரியாகத் துதிக்காததால்தான் வரவில்லையோ என்று அந்த அம்மா பின்னால் என் அம்மையிடம் கேட்டார்களாம். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் அம்மை அவர்களுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. சாயங்காலம் போய்க் கூட உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார். மாலையில் பத்துப் பத்து மணிகள் உருட்டி முடிந்ததும் தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும் என்று ஒரு துதி வருமே, அந்த வரியைத் தான் மட்டும் சொல்வார், அவர்கள் சும்மா இருப்பார்கள். ரொம்ப நாள் கழித்து ஒரு நாள் அவர்கள் குரலும் சேர்ந்தது என்று அம்மை சொன்னார். கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் 2639ஆம் எண்ணில், புகழ்ச்சி ஜெபம் கடவுள் செய்த காரியங்களையும் கடந்து அவர் அவராக இருப்பதற்காகவே அவரைப் போற்றுவது என்று வருகிறது. அதைப் படித்தபோது இந்த இரண்டு பேரும்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள். கேட்டது கிடைக்காத வீட்டில் வேறு எதைச் சொல்லித் துதிக்க முடியும்?

அப்புறம், துதி இல்லாமலே முடிகிற திருப்பாடலும் வேதத்தில் இருக்கிறது. 88ஐப் பாருங்கள்.

நாகர்கோவில்:

மார்த்தாண்டம் அக்கா சொன்னதில் எனக்கு ஒரு பாதி ஒத்துப்போகிறது. ஆனால் நீங்கள் இருவரும் உற்சாகமாகத் துதிக்கிறவர்களை எல்லாம் வியாபாரிகள் ஆக்கிவிடாதீர்கள். நான் பெந்தெகொஸ்தே. எங்கள் வீட்டில் "ஆயிரம் ஸ்தோத்திரங்கள்" கையடக்கப் புத்தகம் ஒன்று அட்டை கிழிந்து கிடக்கிறது, அப்பா விடிகாலையில் அதைச் சத்தமாக வாசிப்பார். சிருஷ்டித்தவரே ஸ்தோத்திரம், சேனைகளின் கர்த்தரே ஸ்தோத்திரம் என்று போய்க்கொண்டே இருக்கும், பரீட்சை நாட்களில் எனக்குத் தலைவலியாக இருந்திருக்கிறது. அப்பாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. விட்ட புதிதில் கை நடுங்கும், சொந்தமாக ஜெபிக்க ஒரு வார்த்தையும் வராது என்பார். அச்சடித்த வரிகள்தான் அவருக்கு வாய் கொடுத்தன. மனது வராவிட்டாலும் வாய் சொல்லிக்கொண்டிருக்கும், மனது எப்போதாவது பின்னால் வரும் என்பது அவர் கணக்கு. அது வெறும் உதட்டு ஜெபம் என்று யாராவது சொன்னால் அவரைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

யோசபாத் ராஜா பாடகரைப் படைக்கு முன்னால் அனுப்பினதைத்தான் (2 நாளாகமம் 20) எங்கள் சபையில் அதிகம் சொல்வார்கள். அதே அதிகாரத்தில் கொஞ்சம் முன்னால், என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று ராஜா ஜனங்கள் முன்னிலையில் ஒத்துக்கொள்கிறார். அந்த வசனத்தைத் தாண்டித்தான் பாட்டு வருகிறது. எங்கள் பாஸ்டரிடமே இதைச் சொன்னேன், அடுத்த வாரம் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார்.

மார்த்தாண்டம் பக்கம்:

தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி, அப்படி நான் யோசிக்கவில்லை. தூத்தூர் அண்ணா, துக்க வீட்டில் யாரையும் துதிக்கச் சொல்லக் கூடாது, வேண்டுமானால் அவர்களுக்காக நாம் சொல்லலாம் என்று உங்கள் அம்மை செய்ததை எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் சொன்னேன். வீட்டு ஜெபத்தில் இப்போது ஸ்தோத்திர நேரத்தில் ஆளுக்கு ஒன்றாகக் கடவுளின் குணத்தைச் சொல்ல வேண்டும், நமக்குக் கிடைத்ததை அல்ல என்று வைத்திருக்கிறோம். முதல் வாரம் எல்லாரும் திணறினார்கள். ஒரு பையன் "பொறுமையுள்ளவரே" என்றான், அவன் அம்மா சத்தமாக ஆமென் போட்டார். கிழங்கு ஆறிப்போகிறது என்று செயலாளர் இப்போதும் முணுமுணுக்கிறார்.