சென்னை எயார்போட்டில் உடைத்துக் கட்டும் வேலை: அம்மாவோடு மதுரை விமானத்துக்கு மாற மூன்று மணி நேரம் போதுமா?

கோண்டாவில் மகள்:

வணக்கம். சென்னை எயார்போட் பக்கம் அண்மையில் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கோ.

அம்மாவுக்கு 71 வயது. சலரோகம், வலக்கண்ணில் வெண்புரை, அதோடு முழங்கால் நோ. மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் காட்ட நாள் எடுத்திருக்கிறோம். அண்ணா கனடாவிலிருந்து ரிக்கெற்றுகளைப் போட்டு அனுப்பிவிட்டார். யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மதுரை. இரண்டும் வேறு வேறு கம்பனி, வேறு வேறு ரிக்கெற். இடையில் மூன்று மணி பத்து நிமிடம். "அது தாராளம்" என்கிறார். அவர் கடைசியாகச் சென்னையில் இறங்கியது 2011இல்.

நான் 2018இல் கொழும்பு கட்டுநாயக்காவால் சென்னைக்குப் போய் வந்தேன். அப்போது பார்த்த இடம் எதுவும் இப்போது அப்படியே இல்லை என்று பக்கத்து வீட்டு மாமி சொல்கிறார். "எல்லாம் இடிச்சுக் கிடக்கு பிள்ளை, தகரமும் தூசியும்தான்" என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை.

அதைவிட ஒரு குழப்பம்: மதுரை ரிக்கெற்றில் டெர்மினல் 4 என்று இருக்கிறது. பிறகு போனுக்கு வந்த செய்தியில் டெர்மினல் 1 என்று இருக்கிறது. எதை நம்புவது? பலாலி விமானம் எந்த இடத்தில் கொண்டுபோய் விடும்? அங்கிருந்து மற்றதுக்கு அம்மாவால் நடக்க ஏலுமா?

மானிப்பாயான்:

பலாலியிலிருந்து திருச்சிக்கும் 2025 மார்ச் கடைசியில் விமானம் தொடங்கியது தெரியாதா? திருச்சியிலிருந்து மதுரை காரில் இரண்டரை மணி நேரம். ஏன் சென்னைக்குப் போய் அந்தரப்பட வேண்டும்? இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து மதுரைக்கு நேரடி விமானம் இருக்கிறது.

கோண்டாவில் மகள்:

திருச்சி எனக்கும் தோன்றியதுதான். அண்ணா கேட்காமலே போட்டுவிட்டார், காசு திரும்ப வராதாம். கொழும்பு என்றால் அம்மா இரவு முழுக்க வான் வண்டியில் காலை மடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். சிலாபம் தாண்டும் முன்னமே அழுதுவிடுவார்.

தபால்கந்தோர் ஐயா (சாவகச்சேரி):

தங்கச்சி, பெட்டி கட்டுவதற்கு முதல் மனதுக்குள் இருக்கும் பழைய சென்னை எயார்போட்டை அழித்துவிடுங்கோ. நான் அழிக்காமல் போய்ப் பட்ட பாட்டைக் கேளுங்கோ.

மகளின் கலியாணத்துக்குச் சேலை எடுக்க மனிசியோடு போயிருந்தேன். திரும்பும் நாள் தியாகராய நகரில் ரக்சி ஏறினோம். சாரதி "எந்த டெர்மினல் சார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாத எயார்போட்டா! 2016இல் போன ஞாபகத்தில், "இன்ரநஷனல் டிபாச்சர், நேரே விடுங்கோ, நான் காட்டுகிறேன்" என்று நானே வழி காட்டினேன். அவரும் பேசாமல் விட்டுவிட்டுப் போய்விட்டார். நான்கு பெட்டி, ஒரு குத்துவிளக்கு, மனிசியின் கையை விட்டு இறங்காத கூறைச்சேலைப் பை. வாசலில் காவலர் பாஸ்போட்டைப் பார்த்தார், ரிக்கெற்றைப் பார்த்தார், தலையை ஆட்டி இரண்டு விரலைக் காட்டினார். டெர்மினல் 2க்குப் போகச் சொல்கிறார்.

பிறகுதான் விளங்கியது. முந்தி வெளிநாட்டுக்குப் புறப்படும் கட்டடமாக இருந்ததுதான் இப்போது டெர்மினல் 4. அது உள்நாட்டு விமானத்துக்கு மாறிவிட்டது. வெளிநாடு எல்லாம் 2023 ஏப்ரல் 8ஆம் திகதி திறந்து வைத்த புதுக் கட்டடத்தில், அதாவது டெர்மினல் 2இல். நாங்கள் முந்தி வந்து இறங்கிய பழைய வருகைக் கட்டடத்தை, அதுதான் டெர்மினல் 3, இடித்து அந்த நிலத்தில் புதுக் கட்டடத்தின் இரண்டாம் பகுதியை எழுப்புகிறார்கள். மாமி சொன்ன தகரமும் தூசியும் அந்த இடம். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் முழு எயார்போட்டும் அப்படி இல்லை.

நான் தபால் கந்தோரில் 34 வருடம் இருந்தவன். ஊர்ப் பெயர் சரியாக இருந்து வீட்டு இலக்கம் பிழைத்தால் கடிதம் எத்தனை வாசல் ஏறி இறங்கும் என்று தெரியும். சென்னையில் "இன்ரநஷனல்", "டொமெஸ்ரிக்" என்பது வெறும் ஊர்ப் பெயர். இலக்கம்தான் விலாசம். நான் அன்றைக்குப் பெட்டி போடும் கவுண்டர் மூடக் கால் மணி நேரம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். மனிசி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள், அதுவும் சம்பந்திக்கு முன்னால்.

சரி, உங்கள் விடயத்துக்கு வருகிறேன். பலாலி விமானம் டெர்மினல் 2இல்தான் விடும். சின்ன ஏடிஆர் விமானம், வாசல் பின்பக்கம், நாலைந்து படிதான். முழங்காலுக்கு அது நல்லது. அப்புறம் பஸ்ஸில் ஏற்றிக் கட்டடத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே நேரம் தின்னுவது குடிவரவு. ஈ-விசா என்றால் கைரேகை எடுப்பார்கள். அடுப்படியில் காலம் கழித்த அம்மாமாரின் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மனிசிக்கு நான்கு தரம் வைத்து எடுத்தார்கள். ஈரத் துணி ஒன்றைக் கைப்பையில் வைத்திருங்கோ, விரலைத் துடைத்துவிட்டு வைத்தால் கொஞ்சம் பிடிக்கும். உங்களோடு துபாய், சிங்கப்பூர் விமானம் ஒன்றும் சேர்ந்து இறங்கினால் வரிசை நீளும். அது உங்கள் கையில் இல்லை.

இன்னொன்று. 2025 ஒக்ரோபர் 1 முதல் வெளிநாட்டவர் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்பலாம். இறங்குவதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் வீட்டிலிருந்தே செய்துவிடுங்கோ. அதற்குக் காசு இல்லை. காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு வெளியே வாங்கோ.

இனி அண்ணாவின் கணக்கு. மூன்று மணி பத்து நிமிடம் என்பது மூன்று மணி பத்து நிமிடம் இல்லை. உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுண்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்னமே மூடிவிடும். ஆக உங்களிடம் இருப்பது இரண்டு மணி பத்து. பலாலியில் அரை மணி பிந்தினால் ஒன்று நாற்பது. ஒரே ரிக்கெற் என்றால் கம்பனி பார்த்துக்கொள்ளும், தனித்தனி ரிக்கெற்றுக்கு ஒருவரும் பொறுப்பில்லை. எல்லாம் சரியாக நடந்தால் பிடிக்கலாம். ஆனால் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் இங்கிருந்தே முடிவுகட்டிக்கொண்டு போங்கோ.

பல்லாவரத்துக்காரன்:

அக்கா, நான் பல்லாவரம். மாடியில் துணி காயப்போட்டால் விமானம் தலைக்கு மேலே போகும். ஐயா சொன்னது எல்லாம் சரி. சில விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

டிக்கெட்டில் 4, மெசேஜில் 1 என்றால் பின்னால் வந்ததை நம்புங்க. வேலை நடக்க நடக்க எந்தக் கம்பெனி எங்கே என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் கம்பெனி நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்க. டெர்மினல் 1 என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், அது 2க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 4 என்றால் நடுவில் அந்தக் கட்டுமானம் முழுசையும் தாண்டணும். எதுவாக இருந்தாலும் அம்மாவை நடக்க விடாதீங்க. வெளியே பேட்டரி கார் சுற்றிக்கொண்டே இருக்கும், இலவசம். ஒரு வண்டி நிறைந்து போனால் அடுத்ததுக்கு நில்லுங்க, கோபத்தில் நடக்க ஆரம்பிக்காதீங்க. எங்க அப்பா அப்படித்தான் செய்வார்.

உள்நாட்டு டெர்மினல் வாசலில் டிஜியாத்ரா என்று ஒரு வரிசை வேகமாகப் போகும். ஆசையாக இருக்கும். அது ஆதார் இருக்கிறவர்களுக்கு, உங்களுக்கு இல்லை. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் காட்டி உள்ளே போகிற சாதாரண வரிசையில் நில்லுங்க.

எடை பாருங்க, முக்கியம். உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான். பலாலியில் ஒன்றும் சொல்லாமல் விட்ட பெட்டியையும் இங்கே கவுண்டரில் தராசில் வைத்துப் பார்ப்பார்கள். கவுண்டரில் போடும் பெட்டியில் கொப்பரைத் தேங்காய் இருக்கவே கூடாது, எண்ணெய்ச் சத்து, தீப்பிடிக்கும் என்று தடை. மிளகாய்த்தூள் கைப்பையில் வேண்டாம்.

விமானம் போய்விட்டால்? நகரத்துக்குள் எழும்பூர் வரை போகாதீங்க. அந்த ஸ்டேஷனிலும் இதே மாதிரி புதுப்பிக்கும் வேலை. தாம்பரத்துக்கு டாக்ஸி எடுங்க, பக்கம்தான். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நின்றுதான் மதுரை போகும். ஆனால் அன்றைக்குப் போய்க் கேட்டால் இடம் கிடைக்காது, பயத்துக்கு ஒன்று முன்கூட்டியே போட்டு வையுங்க, வேண்டாமென்றால் கேன்சல் பண்ணலாம், கடைசி நேரம் என்றால் நிறையவே பிடிப்பார்கள். பஸ் என்றால் தெற்கே போகிற அரசு பஸ் பெரும்பாலும் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து. யாராவது கோயம்பேடு என்று சொன்னால் அவர்களும் பழைய எயர்போர்ட் ஆசாமி என்று அர்த்தம்.

ஆப்பில் கார் போட்டால் வாசலுக்கு வராது. அடுக்குமாடி கார் பார்க்கிங்குக்குப் போய் ஏறணும். அதற்கும் பேட்டரி கார்தான்.

உரும்பிராய் நேர்ஸ்:

வீல்செயார் ஒரு ரிக்கெற்றில் மட்டும் கேட்டால் போதாது. இரண்டு கம்பனிக்கும் தனித்தனியாக அறிவித்துவிடுங்கோ. முதலாவது கம்பனியின் பிள்ளை உங்களைச் சுங்கம் தாண்டி வாசல் வரை தள்ளி வந்து விட்டுவிட்டுப் போய்விடும், அது அவர்களுடைய எல்லை. இன்சுலினைப் பெட்டியில் போடாமல் கையில் கொண்டுபோங்கோ, டொக்ரரின் கடிதமும் வேண்டும். சாப்பாட்டு நேரம் வரிசையில் போய்விடும், அம்மாவின் கையில் இரண்டு பிஸ்கற் இருக்கட்டும்.

கோண்டாவில் மகள்:

எல்லோருக்கும் நன்றி. மதுரையிலிருந்து எழுதுகிறேன். கண்ணுக்கு நாளை மறுநாள் ஒப்பரேசன்.

முந்தின நாள் போன் போட்டேன். டெர்மினல் 1தான். பலாலியில் இருபது நிமிடம் பிந்தியது. அம்மாவின் விரல் ஐயா சொன்னபடிதான், மூன்று தரம் வைத்தும் பிடிக்கவில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு வைத்தபோது மெசின் எடுத்தது. அந்த அதிகாரி "என்னம்மா, ஒரே சமையலா?" என்று சிரித்தார். பெட்டி எடுத்து வெளியே வர, இறங்கியதிலிருந்து ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். வீல்செயார் பிள்ளை வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டது. அம்மா "கிட்டத்தானே, நடப்பம்" என்றார். நான் கேட்கவில்லை, பேட்டரி காரில் ஏற்றினேன். வழியில் பாரந்தூக்கியையும் தகர வேலியையும் பார்த்து, "இதுக்கோ அவ மூன்று கிழமை என்னைப் பயப்படுத்தினவ" என்று மாமியை ஒரு பிடி பிடித்தார்.

தராசில் ஒரு பெட்டி 19 கிலோ. மதுரையில் நாங்கள் தங்கும் வீட்டுக்காரருக்கென்று அம்மா எனக்குத் தெரியாமல் இரண்டு கிலோ ஒடியல் மாவும் பனங்கட்டியும் வைத்திருக்கிறார். அவற்றை எடுத்துக் கைப்பைக்கு மாற்றினேன், மிச்சத்துக்குக் காசு கட்டினேன். சோதனையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். வெள்ளை மாப் பொட்டலம், எனக்குக் கால் நடுங்கியது. அந்தத் தம்பி மணந்து பார்த்துவிட்டு "இது என்ன மாவு பாட்டி?" என்று கேட்க, அம்மா பனங்கிழங்கு காயவைப்பதில் தொடங்கிக் கூழுக்கு எத்தனை நண்டு போடவேண்டும் என்பது வரை சொல்லத் தொடங்கிவிட்டார். பின்னால் வரிசை நிற்கிறது. மதுரை விமானம் ஏறும்போது இன்னும் நாற்பது நிமிடம் கையில் இருந்தது.

அண்ணாவுக்குச் சொன்னேன். "நான் சொன்னேன்தானே தாராளம் என்று" என்கிறார்.

திரும்பி வரும்போது பலாலி விமானத்துக்குப் போக டெர்மினல் 2இன் மேல்தளம்தானே?

தபால்கந்தோர் ஐயா (சாவகச்சேரி):

ஓம், மேல்தளம். சாரதிக்கு "டெர்மினல் 2" என்று இரண்டு தரம் சொல்லுங்கோ. அம்மாவை வழி காட்ட விடாதேங்கோ.