4கே இல்லாவிட்டால் குறும்படமே இல்லையாம்!

வாவிக்கரை:
கல்முனைக் கமரா நேற்று எழுதியது இது: "1080பியில் எடுத்த குறும்படத்தை இனி எந்த விழாவும் எடுக்காது. 4கே இல்லாவிட்டால் அனுப்பிக் காசைக் கரைக்காதீர்கள்." 1080பி என்றால் 1920×1080 பிக்சல் படம், 4கே என்றால் அகலமும் உயரமும் அதன் இரண்டு மடங்கு. இவர் எழுதியதை நம்பி இங்கே பொடியன்கள் படப்பிடிப்பையே தள்ளிப் போடுகிறார்கள். விழாவின் பெயரைச் சொல்லாமல் இப்படி வெருட்டலாமா? தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் படக் கோப்பான 2கே டிசிபியின் அளவுகளில் ஒன்று 1998×1080. உங்கள் 1920×1080 படம் உயரத்தில் அப்படியே பொருந்தும், இரண்டு பக்கமும் 39 பிக்சல் கறுப்பு விழும். அவ்வளவுதான்.

கல்முனைக் கமரா:
அண்ணன், தியேட்டர் கதை எதற்கு? எங்கள் படத்தைச் சனம் பார்ப்பது யூடியூபில். 1440பியிலோ அதற்கு மேலேயோ ஏற்றினால் விபி9 என்ற நல்ல சுருக்கமுறை கிடைக்கும். சின்ன சேனலில் 1080பி ஏற்றினால் பெரும்பாலும் பழைய சுருக்கமுறையான எச்.264தான். பாசிக்குடாவில் பொழுதுபட எடுத்த வானம் அதில் பட்டை பட்டையாக உடையும். 1080பியைப் பெருப்பித்து 4கேயாக ஏற்றினாலே வித்தியாசம் தெரியும்.

வாவிக்கரை:
பெருப்பித்து! எல்லாரும் பாருங்கள். 1080பியில் இருப்பது ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல், 4கேயில் 83 லட்சம். மிச்சம் 62 லட்சத்தையும் கணினி ஊகித்துப் போடுகிறது. அதை 4கே என்று விழாப் படிவத்தில் எழுதுவது பொய். பொய் என்றே சொல்கிறேன்.

கல்முனைக் கமரா:
யூடியூபுக்குச் சொன்னதை விழாவுக்கு ஏன் இழுக்கிறீர்கள்? நான் 4கேயில் எடுக்கத்தான் சொன்னேன். எடுத்தால் எடிட்டில் ஷாட்டை நெருக்கி வெட்டலாம், 1080பியில் கொடுத்தாலும் கூர்மை போகாது.

ஏறாவூர் இளையவன்:
நானா, ஒரு கேள்வி. செக்கனுக்கு 25 ஃபிரேமில் எடுத்துவிட்டேன், டிசிபிக்கு 24 கேட்கிறார்கள். என்ன செய்வது?

பட்டிப்பளை:
தம்பி, 24க்கு மெதுவாக்கினால் 12 நிமிடப் படம் பன்னிரண்டரை ஆகும். குரலின் சுருதி இறங்கும், அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். 25ஐ ஏற்பார்களா என்றும் முதலில் கேளுங்கள். அடுத்த முறை 24இல் எடுத்தாலும் ஷட்டரை 1/50 செக்கனில் வையுங்கள், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதற்குப் பொருந்தாத வேகத்தில் டியூப் லைட் மினுங்கும்.

வாவிக்கரை:
அதெல்லாம் சரி, பெருப்பித்த படம் 4கேயா இல்லையா? பதிலைக் காணவில்லை. போன வருடம் கல்லடித் திரையிடலில் இவர் வேலை செய்த 4கே படம் ஓடிய ப்ரொஜெக்டர் 1024×768. அதற்கு மேலே ஒரு பிக்சலும் அந்தத் திரையில் தெரிந்திருக்காது. அதிலும் லப்டொப் சிக்கிச் சிக்கி ஓடிற்று. 1080பி கொண்டுவந்தவர்களின் படம் ஒன்றும் நிற்கவில்லை.

கல்முனைக் கமரா:
லப்டொப் கொண்டுவந்தது உங்கள் ஆள். அதையும் எழுதுங்கள். அந்தப் படத்துக்கு நிறம் திருத்தியவன் நான். டைட்டிலில் என் பெயர் எங்கே?

வாவிக்கரை:
டைட்டில் தயாரிப்பாளரின் வேலை, அவரிடம் கேள். இங்கே பேச்சு 4கே. 12 நிமிடத்தை எடிட்டுக்கான பெரிய கோப்பு வடிவமான ப்ரோரெஸ் 422 எச்கியூவில் எடுத்தால் 4கே 66 ஜிபி, 1080பி பதினாறு சொச்சம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிற பொடியன் 66 ஜிபியை எந்த லைனில் ஏற்றுவான்?

பட்டிப்பளை:
படுவான்கரையைச் சும்மா இழுக்காதீர்கள் அண்ணன். எங்களுக்கும் ஃபைபர் கேட்கத் தெரியும். சத்தம் கேட்காத படங்களை எத்தனை கே-யில் கொடுத்து என்ன? வசனத்தைக் காற்று தின்கிறது, அதை ஒருவரும் பேசுவதில்லை.

கல்முனைக் கமரா:
ப்ரோரெஸில் யார் ஏற்றச் சொன்னது? கோப்பைச் சின்னதாகச் சுருக்கும் எச்.265 நல்ல பிட்ரேட்டில் போதும். நான் 4கேயில்தான் எடுப்பேன். அண்ணன் முதலில் டைட்டிலில் என் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

வாவிக்கரை:
நீ முதலில் 1080பியைத் திருப்பி அனுப்பிய அந்த விழாவின் பெயரைச் சொல்.