வீட்டுச் சமையல் விற்பனை: உங்கள் அடுக்குமாடி புளோக்கில் நடந்ததைச் சொல்லுங்கள்

ஈசூன் முறுக்கு:
நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நானும் மாமியாரும் தீபாவளிப் பலகாரம் சுட்டுக் கொடுக்கிறோம். உரிமம் இருக்கிறதா என்று கேட்காத ஆள் இல்லை. சிங்கப்பூரில் வீட்டில் சிறிய அளவில் சமைத்து விற்க உரிமம் தேவையில்லை, வீவகவிடம் தனி அனுமதியும் கேட்க வேண்டாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு.

போன தீபாவளி சமயத்தில் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். எண்ணெய் வாசம் தாழ்வாரத்தில் நிற்கிறதாம், மின்தூக்கியில் எந்நேரமும் தெரியாத முகங்களாம். பார்க்க வந்த அதிகாரி முறுக்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. யார் யார் வேலை செய்கிறீர்கள், எல்லோரும் இங்கேயே குடியிருப்பவர்களா, பெரிய இயந்திரம் ஏதாவது உண்டா, வெளியே விளம்பரப் பலகை இருக்கிறதா என்றுதான் கேட்டார். சாதாரண வீட்டு அடுப்பைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டார். இப்போது வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு நேரம் கொடுத்துவிடுகிறேன். எண்ணெய்ச் சட்டி இரவு எட்டு மணிக்குமேல் ஏறாது. மேல்வீட்டு மக்சிக்குக்கு (மலாய் அம்மாவுக்கு) முதல் டப்பா போய்விடும், அது எந்த விதியிலும் இல்லை!

எனக்கு உறுத்துவது வேறு. வீட்டிலேயே அலுவலகம் நடத்த விடும் வீட்டு அலுவலகத் திட்டம் என்று தனியாக ஒன்று உண்டு; அதில் வெளியாட்கள் இரண்டு பேர் வரை வந்து கணினி முன் உட்காரலாம். முறுக்கு பிழிய ஜூரோங்கில் இருக்கும் நாத்தனார் வந்தால் விதிமீறல். பணிப்பெண்ணையும் இதில் இறக்கக்கூடாது. அப்புறம், தேக்காவில் ஒரு கடைக்காரர் வாராவாரம் சரக்குக் கேட்டார். கடைகளுக்குக் கொடுக்கவோ கேட்டரிங் எடுக்கவோ வீட்டுச் சமையலுக்கு இடமில்லை. உரிமம் பெற்ற சமையல்கூடத்தை வாடகைக்கு எடுத்தால் முறுக்கு விலை எங்கேயோ போய்விடும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

தெம்பனிஸ் பிரியாணி:
அக்கா, எங்களுக்கு அடி 2020-இல் விழுந்தது. சர்க்கிட் பிரேக்கர் என்ற கொவிட் முடக்க நேரத்தில் வீட்டுச் சமையல் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். நோன்பு மாதம் வேறு. மலாய்க்காரத் தோழிகள் பெருநாள் பலகாரத்துக்கு வெண்ணெயும் மாவும் வாங்கிக் குவித்திருந்தார்கள். மே 12 அன்றுதான் மறுபடி விட்டார்கள், பெருநாளுக்கு இரண்டே வாரம் இருக்கும்போது. அதுவும் நேரம் குறித்து, ஒவ்வொருவராக வந்து எடுத்துப் போகலாம் என்று.

இன்னொன்று, வீட்டுச் சமையலுக்கு முயிஸ் (இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் சான்றிதழ் தருவதில்லை. அதனால் டப்பாவில் அந்த முத்திரையை ஒட்ட முடியாது. புதிதாகக் கேட்பவர்களிடம் இறைச்சி எந்தக் கடையில் வாங்குகிறேன் என்று சொல்லிவிடுவேன். நம்புபவர்கள் வாங்குகிறார்கள். உணவுச் சுகாதார வகுப்பு கட்டாயமில்லை என்றாலும் நான் போய் வந்தேன். பிரியாணியை எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம் என்பது எனக்கு அங்கேதான் தெளிவானது.

இட்லி மாவு:
கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்து இங்கே இருப்பவள் நான். இட்லி மாவு அரைத்து விற்கலாமா?

ஈசூன் முறுக்கு:
அவசரப்படாதே தங்கச்சி. சார்ந்திருப்போர் அனுமதியில் இருப்பவர்களுக்கு மே 2021 முதல் விதி இறுகிவிட்டது. வீவக விதி ஒரு பக்கம், மனிதவள அமைச்சின் விதி இன்னொரு பக்கம். முதலில் அமைச்சிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிட்டு கிரைண்டர் வாங்கு.