பாப்பாவுக்கு இதயத்தில் ஓட்டை: இலவச அறுவை சிகிச்சை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஊர் தங்கச்சிமடம். என் தங்கச்சி மகளுக்கு 7 மாதம், எடை 4.8 கிலோ. கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை (வி.எஸ்.டி) என்று மதுரையில் எக்கோ எடுத்துச் சொன்னார்கள். நாலு வாய் பால் குடிப்பதற்குள் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்க்கிறது, விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறாள். நுரையீரலில் அழுத்தம் ஏறுமுன் மூட வேண்டுமாம்.

மச்சான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வருமானமே இல்லை. முதல்வர் காப்பீட்டுக்கு அலைந்தோம். ரேஷன் கார்டில் பாப்பா பெயர் இன்னும் ஏறவில்லை, அதிலேயே 3 வாரம் போய்விட்டது. தனியார் மருத்துவமனை ஒன்றில் முன்பணம் கேட்டார்கள். ஒரு அறக்கட்டளைக்கு ரிப்போர்ட் அனுப்பி 12 நாள் ஆகிறது, பதில் இல்லை. மருந்து மட்டும் ஓடுகிறது.

சத்தீஸ்கரில் உள்ள நவ ராய்ப்பூர் சத்ய சாய் சஞ்சீவனி மருத்துவமனையில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பணம் வாங்காமல் இதய அறுவை செய்கிறார்கள். ரயிலில் அவ்வளவு தூரம் பிள்ளை தாங்குவாளா என்பதுதான் தங்கச்சியின் பயம்.

அங்கே குழந்தையைக் கொண்டுபோனவர்கள் யாராவது இருக்கிறீர்களா, பதிந்ததிலிருந்து அறுவைக்குத் தேதி கிடைக்க எத்தனை நாள் ஆனது?